அம்மாவின் குளிசைப் பை

கேள்வி: எனக்கு 27 வயது. கிளிநொச்சியில் இரவு வேலை. விடிந்ததும் நேரே ஜிம்முக்குப் போய் ஒன்றரை மணித்தியாலம் பாரம் தூக்குகிறேன். நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் இல்லை. பயிற்சி முடிந்த கையோடு இரத்தம் சோதித்தேன். உடம்பு அழுத்தத்தில் சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் கூட என்று வந்தது. அம்மா பிரஷருக்குக் கிளினிக்கில் எடுக்கும் அட்டனோலோல் 50 மில்லிகிராம் குளிசையில் தினமும் ஒன்று போடுகிறேன், மூன்று வாரமாகிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. படபடப்புக் குறைந்துவிட்டது, ஆனால் பாரம் தூக்கும்போது களைக்கிறது. கோர்ட்டிசோலைக் குறைக்க வேறு என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, கோர்ட்டிசோல் கிடக்கட்டும். "அம்மா ஒன்றும் சொல்லவில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீரே, அதற்கு முதலில் வாரும்.

கிளினிக்கில் குளிசையை எண்ணித்தான் கொடுப்பார்கள். நாளுக்கு ஒன்று என்றால் மாதத்துக்கு 30. இரண்டு பேர் விழுங்கினால் 15 நாளில் பை காலி. நீர் தொடங்கி 21 நாள் ஆகிறது. இன்னும் உமக்கு ஒன்று மிஞ்சுகிறதென்றால், அம்மா தன்னுடையதைப் போடாமல் விடுகிறார் என்றுதான் நான் நினைப்பேன். 2009 போரில் தம் பங்குக் கஞ்சியையும் பிள்ளையின் பேணியில் ஊற்றிவிட்டுத் தங்களுக்குப் பசியில்லை என்ற தாய்மாரின் ஊர் இது. அவர்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். பிள்ளைதான் பார்க்க வேண்டும். அதைக்கூடப் பார்க்காத கண்ணுக்குக் கண்ணாடியில் தன் தோள்பட்டை மட்டும் தெரிகிறது!

இந்தக் குளிசையை வழக்கமாகப் போடுபவர் திடீரென்று நிறுத்தினால் இருதயம் முன்னிலும் வேகமாக அடிக்கலாம், பிரஷர் ஏறலாம், இருதய நோய் இருந்தால் மாரடைப்புக்கூட வரலாம். உம்முடைய படபடப்பை அம்மாவின் நெஞ்சுக்கு மாற்றியிருக்கிறீர்.

சரி, உம்முடைய விடயம். அட்டனோலோல் இருதயத்தில் அட்ரினலினின் வேலையை மறிக்கும். கோர்ட்டிசோலைக் குறைக்கிற மருந்தல்ல. இருதயம் அடிக்க வேண்டிய வேகத்துக்கு அடிக்க விடாததால்தான் களைக்கிறீர். வீசிங் உள்ளவர் என்றால் மூச்சே அடைக்கலாம். கோர்ட்டிசோலோ விழித்தெழுந்த கையோடு உச்சத்துக்கு ஏறி, இரவில் இறங்கும். இரவு முழுவதும் விழித்தவருக்கு அந்தக் கணக்குக் குழம்பிவிடும். கடும் பயிற்சியும் அதை ஏற்றும். இரண்டும் சேர்ந்த உடம்பில் எடுத்த அந்த ஒரு இலக்கத்தை நம்பி நோயாளியாகிவிட்டீர். முகம் வீங்கி, வயிற்றில் ஊதாக் கோடுகள் விழுந்து, தொடைத் தசை தளர்ந்திருந்தால் அது வேறு கதை. அதற்கு வைத்தியர் வேறு சோதனைகள் எழுதுவார். உமக்கு முதலில் வேண்டியது உறக்கம். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் படும். பாரம் மாலையில் தூக்கலாம், அதுவும் வைத்தியர் உம்மைப் பார்த்த பிறகு.

இன்றே அந்தப் பையைக் கொட்டி, அம்மாவுக்கு முன்னால் எண்ணும். அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம்; நாளைக் காலை இருவருமாகப் போங்கள். எத்தனை நாள், எத்தனை குளிசை என்று வைத்தியரிடம் நீரே சொல்லும். மூன்று வாரம் போட்டதை எப்படி நிறுத்துவது என்றும் அவரிடமே கேளும். வைத்தியர் ஏசுவார். அம்மா உமக்காகப் பரிந்து பேச வருவார், விடாதேயும்.