கடன் கைமீறிப் போய்விட்டது. ஐ.பி. மனு (திவாலானவர் என்று அறிவிக்கக் கேட்டு நீதிமன்றத்தில் போடும் மனு) போடுவதா, வேண்டாமா?

சம்பளக்காரர் ஒருவருக்கு பெர்சனல் லோன், கிரெடிட் கார்டு, வெளியே வாங்கிய கைமாற்று எல்லாம் சேர்ந்து கட்ட முடியாமல் போகிறது. தமிழ்நாட்டில் இவர் ஐ.பி. மனு போட்டு மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் தப்பிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

நோட்டீஸ் மட்டும் எதையும் தடுக்காது. அது மனுவின் விசாரணைத் தேதியைக் கடன்காரர்களுக்கு, அதாவது கடன் கொடுத்தவர்களுக்கு, சொல்லும் தாள், அவ்வளவுதான். நீதிமன்றம் உங்களைத் திவாலானவர் என்று அறிவித்து உத்தரவு போட்ட பிறகுதான் பாதுகாப்பு தொடங்கும். அதன்பின் அனுமதி இல்லாமல் யாரும் உங்கள்மேல் புதிதாகப் பண வழக்குப் போட முடியாது. அதே உத்தரவோடு உங்கள் சொத்தும் ரிசீவர் (சொத்தைக் கவனிக்க நீதிமன்றம் நியமிப்பவர்) கைக்குப் போய்விடும்.

முதலில் ஒரு தாளில் எல்லாக் கடன்களையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: அடமானம் உண்டா, செக் கொடுத்தீர்களா, ஜாமீன் கையெழுத்து யாருடையது. மனு போடலாமா என்பதை மொத்தத் தொகையை விட இந்தக் கட்டங்கள்தான் முடிவு செய்யும்.

அடமானக் கடன்காரரை ஐ.பி. கட்டுப்படுத்தாது. வீட்டுக் கடன் வாராக்கடனானால் வங்கி சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டை எடுக்கலாம். ஜாமீன் போட்டவரும் தப்ப மாட்டார். நீங்கள் நீதிமன்றத்தில் கடனிலிருந்து விடுதலை பெற்றாலும் மொத்தப் பாரமும் அந்த மச்சான் தலையிலோ நண்பர் தலையிலோதான் விழும். செக் கட்டம் இன்னும் மோசம். பவுன்ஸ் ஆனால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு வழக்கு குற்ற வழக்கு, ஐ.பி. உத்தரவைக் காட்டி அதை நிறுத்த முடியாது. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையில் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. நோட்டீஸ் கையில் கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. அதை வீணாக்காதீர்கள், அந்த நாட்களில்தான் பேசி முடிக்க வேண்டும்.

இனி சட்டம். 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. மற்றவர்களுக்கு இன்றும் 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம்தான். சென்னை நகருக்குள் 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மனு உயர் நீதிமன்றத்தில். 1920 சட்டப்படி 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனு போடலாம் என்பதால், தகுதி ஒரு பிரச்சினையே இல்லை. மனுவில் ஒவ்வொரு கடன்காரரின் பெயர், விலாசம், தொகை, உங்கள் சொத்தின் முழு விவரம் எல்லாம் இருக்க வேண்டும்.

பெரும்பாலான மனுக்கள் கெடுவது சொத்தை மாற்றி எழுதியதால். மனைவி பேருக்கு வீட்டை தானமாக எழுதிவிட்டு மனு போடுகிறார்கள். மனுவுக்கு முந்தைய இரண்டு வருடத்தில் நியாயமான விலை இல்லாமல் நடந்த மாற்றத்தை ரிசீவர் கேட்டு ரத்து செய்யலாம். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் வேண்டப்பட்ட ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கடனை அடைத்ததும் அப்படித்தான். சொத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை.

சொத்தே இல்லாத சம்பளக்காரர் மனுவுக்கு முன் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும். பண டிக்ரிக்கு, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்புக்கு, சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 40,000 சம்பளமென்றால் 27,000 பத்திரம், 13,000 வரை பிடிக்கலாம். ஒரே டிக்ரிக்காக 24 மாதம் பிடித்துவிட்டால், அதற்காக மறுபடி சம்பளத்தில் கை வைக்க முடியாது. கடன்காரர் ஒருவர் இருவர்தான், செக்கும் இல்லை என்றால், இந்தப் பிடித்தத்தைத் தாங்கிக்கொண்டு பேரம் பேசுவதே மேல் என்பேன். பத்துப் பேர் தனித்தனியாக டிக்ரி வாங்கி வாசலில் நிற்கும் நிலையில், கடனெல்லாம் அடமானமற்றதாக இருந்தால், ஐ.பி. உதவும்.

பேரம் படிந்தால் தொகையை வங்கி எழுத்தில் கொடுத்த பிறகே பணம் கட்டுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

மனுவே போட்டாலும், திவால் உத்தரவில் ஒரு கெடு இருக்கும். அதற்குள் விடுதலை கேட்டுத் தனியாக மனு கொடுக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கெடு தாண்டினால் திவால் உத்தரவே ரத்தாகும், கடன்காரர்கள் திரும்ப வந்துவிடுவார்கள். உரிய நேரத்தில் விடுதலை கிடைத்தாலும் அரசுக்குச் செலுத்த வேண்டியதும், மோசடியால் வந்த கடனும், ஜீவனாம்சமும் அப்படியே நிற்கும்.