ஐந்து ஷில்லிங் கிரயமும் தீராத கடனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனின் கடன்கள் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். இரண்டு சந்தேகங்கள். அவருடைய ஊரான வர்ஜீனியாவின் 1770களின் பத்திர நகல்கள் சிலவற்றில் நூற்றுக்கணக்கான ஏக்கரை ஐந்து ஷில்லிங்குக்குக் கொடுத்ததாக இருக்கிறது. நிலம் அவ்வளவு மலிவா? அடுத்தது, ஆயிரக்கணக்கில் ஏக்கர் வைத்திருந்தவர் கொஞ்சத்தை விற்றுக் கடனை அடைத்திருக்கலாமே? ஏன் கடனாளியாகவே செத்தார்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஐந்து ஷில்லிங் (20 ஷில்லிங் ஒரு பவுண்டு) நிலத்தின் விலை இல்லை. அன்றைய ஆங்கிலேயச் சட்டப் பழக்கத்தில் ஒரு கிரயத்துக்கு இரண்டு பத்திரம் எழுதுவார்கள். முதல் நாள் ஓராண்டுக் குத்தகைப் பத்திரம்: கைமாறுவது ஐந்து ஷில்லிங், வாடகை ஒரு மிளகு, அதுவும் கேட்டால்தான். மறுநாள் தேதியில் உரிமையை முழுசாக விட்டுக்கொடுக்கும் பத்திரம். உண்மையான கிரயத்தொகை அதில்தான் இருக்கும். ஆகவே ஐந்து ஷில்லிங்கைக் கண்டால் பதிவேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள். விற்றவரின் மனைவியைத் தனியாக விசாரித்துச் சம்மதம் பெற்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால், கணவர் செத்தபின் விதவை வந்து அந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் அனுபவமாகக் கேட்கலாம். வாங்கியவருக்கு அது பெரிய வில்லங்கம். கடன் பத்திரத்தில் 800 பவுண்டுக்குக் கட்டுப்பட்டதாக எழுதியிருந்தால் வாங்கிய கடன் பெரும்பாலும் 400தான். தவறினால் இரட்டிப்பு என்பது அந்தப் பத்திரத்தின் வாய்பாடு. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் அடிக்கடி சறுக்குகிற இடம் இது.

இனி கடன். மாமனார் ஜான் வேல்ஸ் 1773இல் இறந்தபோது மனைவி மார்த்தாவின் பங்காக ஜெஃபர்சனுக்குச் சுமார் 11,000 ஏக்கரும் 135 அடிமைகளும் வந்தன. கூடவே பிரிஸ்டல் நகரத்து ஃபாரல் அண்ட் ஜோன்ஸ் கம்பெனிக்கு வேல்ஸ் வைத்திருந்த பாக்கியும் வந்தது. சொத்தைப் பிரிக்காமல் வைத்து, விளைச்சலில் கடனைத் தீர்த்துவிட்டு மிச்சத்தைப் பங்கிட்டிருக்கலாம். மருமகன்கள் 1774இல் முதலில் பாகம் பிரித்துக்கொண்டார்கள். எஸ்டேட்டின் கடன் அவரவர் சொந்தக் கடனாயிற்று. மூலத் தவறு இதுதான் என்பது என் கட்சி.

நிலத்தை விற்கவும் செய்தார், ஏறத்தாழ 4,200 பவுண்டுக்கு. ஆனால் அன்று பிரிட்டிஷ் காலனியாயிருந்த வர்ஜீனியாவில் பொன், வெள்ளிக் காசு அரிது. வாங்கியவர்கள் ரொக்கம் தரவில்லை, தவணை போட்டுக் கடன் பத்திரம் எழுதிக்கொடுத்தார்கள். அவற்றை உங்கள் பெயருக்கு மேடோவர் செய்து, அதாவது மாற்றி எழுதிக் கொடுத்துவிடுகிறேன், என்னை விடுவித்துவிடுங்கள் என்று கம்பெனி ஏஜென்ட்டிடம் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். அவர் பக்கமும் நியாயம் உண்டு: தெரிந்த ஒரு கடனாளியை விட்டுவிட்டு, முகம் தெரியாத பல பேரை யார் துரத்துவது?

பிறகு அமெரிக்க சுதந்திரப் போர், மதிப்பிழந்துகொண்டே போன காகிதப் பணம். வர்ஜீனியா சட்டமன்றமே 1781இல் வெளியிட்ட மதிப்பு அட்டவணைப்படி, 1780 ஜனவரியில் உலோகக் காசுக்கும் காகிதத்துக்கும் விகிதம் 1க்கு 42. அந்த மாதம் ஒருவர் 100 பவுண்டு பாக்கியைக் காகிதமாகக் கொடுத்திருந்தால், வாங்கியவர் கையில் நின்றது 2 பவுண்டு 8 ஷில்லிங்குக்கும் குறைவு. 1781 டிசம்பரில் விகிதம் 1க்கு 1,000. ஜெஃபர்சனிடம் நிலம் வாங்கியவர்கள் இந்தப் பணத்தில்தான் கணக்குத் தீர்த்தார்கள். உள்ளூர்ச் சட்டப்படி அவர்கள் கடன் முடிந்தது. 1783 பாரிஸ் உடன்படிக்கையின் 4ஆம் பிரிவோ, கடன் கொடுத்த பிரிட்டிஷ்காரர்கள் முழு ஸ்டெர்லிங் (பிரிட்டனின் பணம்) மதிப்பில் வசூலிக்கத் தடை இருக்கக்கூடாது என்றது. விற்ற பணம் காகிதமாக வந்தது, கொடுக்க வேண்டியது ஸ்டெர்லிங்காகவே நின்றது. நிலமும் போய், கடனும் இருந்தது.

அதற்குப் பின்? 1787இல் பாரிஸிலிருந்து எழுதிய கடிதத்தில், ஏற்கெனவே அளவுக்கு மீறி நிலத்தை விற்றுவிட்டேன், பிள்ளைகளுக்கு நிச்சயமான ஆதாரம் அது ஒன்றுதான், இனி விற்க மனமில்லை என்கிறார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு அவர் வாயாலேயே பதில். நிலத்துக்குப் பதிலாக விலைபோனது மனிதர்கள். அடிமைகளை ஒரே நாளில் ஏலம் விட்டுப் பணமாக்கலாம், சட்டமும் கடனுக்கு அவர்களைப் பிடிக்க வழிவிட்டது. இதை அவருடைய 'கஷ்டகாலம்' என்று மட்டும் எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

1790இல் கம்பெனியோடு தவணை ஒப்பந்தம் போட்டார். ஆனால் புதுக் கடன்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. 1818இல் நண்பரும் வர்ஜீனியாவின் முன்னாள் ஆளுநருமான வில்சன் கேரி நிக்கலஸ் வாங்கிய 20,000 டாலருக்குப் பிணைக் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆண்டே நிக்கலஸ் நொடித்துப்போனார், தொகை இவர் தலையில் விழுந்தது. 1826இல் இறக்கும்போது பாக்கி 1,07,000 டாலருக்கு மேல். 1827 ஜனவரியில் அவருடைய வீடும் பண்ணையுமான மான்டிசெல்லோவில் 130 அடிமைகளை ஏலத்துக்கு விட்டார்கள். வீடு விலைபோனது அதற்குப் பிறகு, 1831இல்.

உங்களிடமுள்ள நகல்களில் 1777–81 தேதியிட்டவை இருந்தால், கிரயத்தொகைக்குப் பக்கத்தில் ஸ்டெர்லிங்கா, வர்ஜீனியா நடப்புப் பணமா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். நடப்புப் பணம் என்றால் 1781 அட்டவணையில் அந்த மாதத்துக்குள்ள விகிதத்தால் வகுத்த பிறகே ஏக்கர் விலையைக் கணக்கிடுங்கள்.