மதிப்பெண் 38, அடுத்த வாரம் 71: எதை நம்புவது?

கேள்வி: முந்தைய உறவில் அடியும் மிரட்டலும் பட்டவள் நான். இப்போதைய கணவர் நல்லவர்தான், ஆனாலும் திடீர் திடீரென்று பயம் வருகிறது. இணையத்தில் ஒரு 'உறவுப் பாதுகாப்புத் தேர்வு' எழுதினேன். 100க்கு 38 வந்தது, அடுத்த வாரம் 71. சந்தா கட்டினால் இருவரின் ஸ்மார்ட் வாட்ச்சையும் இணைத்துத் துல்லியமாக அளப்பார்களாம். கட்டலாமா?

பதில்: வேண்டாம். வாட்ச்சுக்குத் தெரிவது இதயத் துடிப்பு போன்ற உடல் மாற்றங்கள் மட்டும். பயந்தாலும் துடிப்பு ஏறும், படியேறினாலும் ஏறும், ஆசையாகக் கட்டிப்பிடித்தாலும் ஏறும். அதைவிட மோசம், உங்கள் பதில்கள் கணவரின் போனிலும் தெரிந்தால், அவர் மனம் கோணாதபடி பதில் எழுத ஆரம்பித்துவிடுவீர்கள். இரண்டு நாள் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவர்கள் விற்கும் 'நரம்பு மண்டல ஸ்கேன்' எல்லாம் இதே ரகம்.

மருத்துவமனையில் தரும் பிசிஎல்-5 தாளும், அதாவது மன அதிர்ச்சிக்குப் பிறகு வரும் அறிகுறிகளைக் கேட்கும் கேள்வித்தாளும், இதற்கு ஆகாது. 20 கேள்விகள், 0 முதல் 80 வரை மதிப்பெண். கடந்த ஒரு மாத அறிகுறிகளைத்தான் அளக்கும். பக்கத்தில் படுத்திருப்பவரைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. சில இடங்களில் அதையும் ஒரே முறை நிரப்ப வைத்து ஃபைலில் செருகிவிட்டு, மதிப்பீடு முடிந்தது என்கிறார்கள்!

முதலில் உண்மையான ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள். இப்போதைய கணவர் அடிக்கிறாரா, மிரட்டுகிறாரா? பணத்தையும் போனையும் தன் கையில் வைத்திருக்கிறாரா? நீங்கள் 'வேண்டாம்' என்றால் பழிவாங்குகிறாரா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அளப்பதை விடுங்கள். அவருக்குத் தெரியாத வழியில் உதவி தேடுங்கள். ஜோடியாகக் கவுன்சிலிங் போகாதீர்கள்.

மூன்றும் இல்லையென்றால் ஒரு தாள் போதும். உங்களைப் பயமுறுத்தும் ஐந்து சூழல்களை எழுதுங்கள்: குரல் உயர்வது, பின்னாலிருந்து தொடுவது, அவர் போனை எடுக்காதது, நீங்கள் மறுப்புச் சொல்வது, சண்டைக்குப் பிறகான இரவு. வாரம் ஒருமுறை, அதே நாள் அதே நேரம், தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை போடுங்கள். 10 என்றால் முழு நிம்மதி. அந்த வாரம் நடக்காத சூழலைக் காலியாக விடுங்கள். பக்கத்திலேயே, பயம் வந்தபோது உடல் அடங்க எத்தனை நிமிடம் ஆயிற்று என்றும் குறியுங்கள். முன்னேற்றம் இந்த நிமிடக் கணக்கிலும் தெரியலாம். பயம் வருவது நிற்காவிட்டாலும், 40 நிமிடம் 15 ஆகலாம். சண்டை போட்ட கையோடு எழுதாதீர்கள். ஐந்தையும் கூட்டாதீர்கள், கூட்டினால் எந்தச் சூழல் உறுத்துகிறது என்பது மறைந்துபோகும். ஆறு வாரமாவது தொடருங்கள்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. 9, 10 என்று வந்தாலும் நல்லதென்று சொல்லிவிட முடியாது. மன அதிர்ச்சி பட்டவர்களுக்குச் சில நேரம் உணர்வே மரத்துப்போகும். கை சில்லிட்டிருக்கும், பேச்சு வராது, நடந்தது பாதி நினைவிருக்காது. 'அமைதியாக இருக்கிறேன்' என்று 9 போடுவார்கள். இன்னும் சிலர் மறுப்பே சொல்லாமல் விட்டுவிடுவார்கள். சண்டை வராததால் மதிப்பெண் உயரும். அதனால் 8க்கு மேல் போடும்போதெல்லாம் இரண்டைக் கேளுங்கள்: அந்த நேரம் உடலை உணர்ந்தேனா? மனதில் இருந்ததைச் சொன்னேனா? இல்லையென்றால் எண்ணை அடித்துவிட்டு 'மரத்தது' என்று எழுதுங்கள்.

தாளை மன அதிர்ச்சி சிகிச்சையில் பயிற்சி பெற்றவரிடம் கொண்டுபோங்கள். முதல் சந்திப்பிலேயே கணவரையும் கூட உட்கார வைத்துக் கேள்வி கேட்பவராக இருந்தால், வேறு ஆளைப் பாருங்கள்.