‘யூஸ்ட் டு’ என்றால் இப்போது செய்வதா, முன்பு செய்ததா?

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார்: “நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் வேலைக்கு இன்டர்வியூ போனேன். காலையில் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். ‘ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்’ என்றேன். ‘அப்படியென்றால் இப்போது எழும்புவதில்லையா?’ என்றார்கள். நான் சொன்னதில் என்ன பிழை?”

இலக்கணத்தில் பிழையே இல்லை, தங்கச்சி. பொருள்தான் மாறிவிட்டது. ‘முன்பெல்லாம் ஐந்து மணிக்கு எழும்புவேன், இப்போது இல்லை’ என்றுதான் அந்த வாக்கியத்தை யாரும் எடுத்துக்கொள்வார்கள்.

இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் நம் தமிழிலேயே இருக்கிறது. ‘எழும்புவேன்’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘நாளைக்கு ஐந்து மணிக்கு எழும்புவேன்’ என்றால் இனி நடக்கப்போவது. ‘தினமும் ஐந்து மணிக்கு எழும்புவேன்’ என்றால் இன்றைய வழக்கம். ‘பள்ளிக்கூடம் போன காலத்தில் ஐந்து மணிக்கு எழும்புவேன்’ என்றால் பழைய கதை. மூன்றுக்கும் நமக்கு ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் மூன்றும் வேறு வேறு. ‘யூஸ்ட் டு’ கடைசியாகச் சொன்ன பழைய கதைக்கு மட்டும்தான். அதை வெறுமனே ‘வழக்கம்’ என்று கொப்பியில் எழுதி மனப்பாடம் செய்தால், காலம் கைநழுவிப் போகும். ‘முன்பு இருந்த வழக்கம்’ என்று எழுதிவையுங்கள்.

நம் மலைநாட்டையே உதாரணமாக எடுக்கலாம். இந்த மலைகளில் முதலில் கோப்பிதான் பயிர். 1867 இல் லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தலைகாட்டிய இலை நோய் கோப்பியை அழிக்க, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ஆகவே, ‘தே யூஸ்ட் டு க்ரோ கோப்பி ஹியர்’. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஒரு காலத்தில் சிறிய ரயில் ஓடியது, இன்று பாதையே இல்லை: ‘அ ட்ரெய்ன் யூஸ்ட் டு ரன் டு ராகல’. 1972 இல் நாட்டின் பெயர் மாறியதையும் இப்படியே சொல்லலாம்: ‘ஸ்ரீ லங்கா யூஸ்ட் டு பி கால்ட் சிலோன்’. ஒவ்வொன்றிலும் ‘முன்பெல்லாம்’ என்று தொடங்கி ‘இப்போது இல்லை’ என்று முடிக்க முடிகிறது பாருங்கள். முடியாவிட்டால் ‘யூஸ்ட் டு’ வேண்டாம்.

சரி, இன்றைய வழக்கத்தை எப்படிச் சொல்வது? ‘ஐ கெட் அப் அட் ஃபைவ்’. அவ்வளவுதான். வேண்டுமானால் ‘ஐ யூஷுவலி கெட் அப் அட் ஃபைவ்’. இன்டர்வியூவில் இது முக்கியம். ‘ஐ யூஸ்ட் டு ஸ்பீக் சிங்களா’ என்றால், உங்களுக்கு நன்றாக வரும் மொழியை மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துவிடுவார்கள்.

அப்புறம், ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ முன்னால் வந்தால் அது வேறு சங்கதி. அங்கே வழக்கம் போய் பழக்கம் வந்துவிடும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு த கோல்ட்’ என்றால் குளிர் எனக்குப் பழகிவிட்டது. இது இன்றைக்கும் பொருந்தும். பின்னால் வினை வந்தால் ‘இங்’ சேர்க்க வேண்டும்: ‘ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் ஏர்லி’. அன்று இதைச் சொல்லியிருந்தால், அதிகாலை ஷிஃப்டும் உங்களுக்குச் சிரமமில்லை என்று அவர்களுக்கு விளங்கியிருக்கும். இன்னும் பழகிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் ‘ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு இட்’. கொழும்புக்கு வேலைக்குப் போய் வெக்கையில் தவிக்கும் நம் பிள்ளைகளுக்கு உதவும் வாக்கியம் இது.

இத்தனை வருடம் என்று கணக்குச் சொல்லும்போது ‘யூஸ்ட் டு’ வராது. இரண்டு வருடம் ஒரு கடையில் வேலை செய்திருந்தால் ‘ஐ வர்க்ட் தேர் ஃபோர் டூ இயர்ஸ்’ என்பதே சரி.

எதிர்மறையில் ‘டிட்ன்ட்’ வந்ததும், எழுதும்போது ‘யூஸ்ட்’ கடைசியிலுள்ள டி எழுத்து விழுந்துவிடும்: ‘ஐ டிட்ன்ட் யூஸ் டு ட்ரிங்க் டீ’, அதாவது முன்பு தேத்தண்ணீர் குடிக்கமாட்டேன், இப்போது குடிக்கிறேன். உச்சரிப்பில் வித்தியாசம் கேட்காது. இரண்டிலும் ‘பஸ்’ என்னும்போது வரும் அதே ‘ஸ்’ ஒலிதான். ‘பயன்படுத்தினேன்’ என்ற பொருளில் வரும் ‘யூஸ்ட்’ மட்டும் தேனீ ரீங்காரம் போல அதிர்ந்து ஒலிக்கும்.