பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டார்கள்

அன்புள்ள டாக்டருக்கு,

எனக்கு 69 வயது. கணவர் இல்லை, டெல்லி மயூர் விஹாரில் தனியாக இருக்கிறேன். மகன் குடும்பம் குருகிராமில். குளிர்காலத்தில் மட்டும் சனிக்கிழமை காலையில் வந்து ஞாயிறு ராத்திரி கிளம்புவார்கள். மூடுபனி விலகி மொட்டைமாடியில் வெயில் வர பதினொரு மணியாகும். பாய் விரித்து, ஆரஞ்சும் வேர்க்கடலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

15 வயதுப் பேரனுக்குப் போன வருஷம் கேபிள் டிசைன் போட்டு ஒரு ஸ்வெட்டர் பின்னினேன், கழுத்து சரியாக வரவில்லை என்று பிரித்துப் பிரித்துப் போட்டேன். இந்த வருஷம் அது அவர்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் மேல் இருக்கிறது. ராத்திரி குளிரில் நிற்கிற மனுஷன், அவர் போட்டுக்கொண்டதில் எனக்கு வருத்தமே இல்லை, ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? "குத்தறதும்மா, போடமாட்டேங்கறான்" என்கிறாள் மருமகள், அவ்வளவுதான்.

10 வயதுப் பேத்திக்கு என் அப்பாவின் பெட்டி ராட்டை என்றால் ஆசை. நான் பள்ளியில் நூல் நூற்ற தக்ளியையும், அதான் கையால் சுழற்றுகிற அந்தச் சின்னக் கதிரையும், எடுத்துக் கொடுத்தேன். சுற்றுவாள், அறுந்துபோகும், நான் வாங்கி ஒட்டிக் கொடுப்பதற்குள் கையில் போன் வந்துவிடும். மகனோ மாடியிலும் லேப்டாப்போடுதான். இப்போது ஊசியை எடுத்தாலே கண் கலங்குகிறது. கம்பளி ஊலை எல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். இது டிப்ரஷனா?

— மயூர் விஹார் பாட்டி

அன்புள்ள அம்மா,

தூக்கம், பசி, கோயில், அக்கம்பக்கத்துப் பேச்சு எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்காமல் போயிருந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள். அப்படியெல்லாம் இல்லை, ஊசியைத் தொட்டால் மட்டும்தான் என்றால் இது மனக்காயம். வலிக்கத்தான் செய்யும்.

பேரன் "குத்துகிறது" என்று சொல்வது சாக்கு இல்லை. தடித்த கம்பளி இழையின் நுனி தோலில் நிஜமாகவே குத்தும், சிலருக்கு அது தாங்காது. அதோடு 15 வயதுப் பையன் பாட்டி தேர்ந்தெடுத்த டிசைனைப் போட்டுக்கொண்டு நண்பர்கள் முன்னால் போவானா, சொல்லுங்கள்? ஸ்வெட்டரைத்தான் அவன் வேண்டாம் என்றான், உங்களை இல்லை. அடுத்த தடவை கடைக்கு அவனையே கூட்டிப்போங்கள். மெல்லிய இழை உள்ள மெரினோ கம்பளியைக் கழுத்தில் வைத்துப் பார்க்கட்டும், நிறத்தையும் அவனே சொல்லட்டும். ஸ்வெட்டர் வேண்டாம், ஒரு குல்லா போதும். ஆனால் சொல்லாமல் கொடுத்தது தப்புதான். அதை மகனிடமே நேராக, "கொடுக்கறதுன்னா முதல்ல எங்கிட்ட சொல்லு" என்று சொல்லிவிடுங்கள், மருமகள் வழியாக வேண்டாம்.

பேத்தி விஷயத்தில்தான் எனக்கு நிறைய நம்பிக்கை. பருத்தி இழை இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும், முறுக்கு ஏறுவதற்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலும் பிரிந்துவிடும், அதனால் புதிதாக நூற்பவர்களுக்குப் பருத்தி கஷ்டம். கம்பளி இழை அதைவிட நீளம், ஒன்றையொன்று நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சீவிய கம்பளியும் கொஞ்சம் கனமான தக்ளியும் கொடுங்கள். அறுந்தால் வாங்காதீர்கள்! நீங்கள் ஒட்டுகிற அந்த நேரத்தில் அவளுக்கு வேலையே இல்லை, போனை எடுக்காமல் என்ன செய்வாள்? இரண்டு நுனியையும் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து முறுக்கு ஏற்ற அவளுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டு, உங்கள் கையில் உங்கள் பின்னலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகவாவது பரணிலிருந்து ஊலை இறக்கியாக வேண்டும். நூல் கட்டியும் முட்டியுமாக வரட்டும், அதையே தடித்த ஊசியில், எல்லா வரியும் 'சீதா'வாக, அதாவது நேர் பின்னலாகவே போட்டு மஃப்ளர் பின்னலாம். ஒரு சனிக்கிழமை ராஜ்காட் எதிரே உள்ள தேசிய காந்தி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனால் பலவகை ராட்டைகளைப் பார்ப்பாள், உங்கள் அப்பா கதையும் அங்கே தானாக வரும்.

இரண்டு நாள் முழுக்க எல்லோரும் உங்களோடு உட்கார வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது யாராலும் முடியாது. மாடி வெயிலில் ஒரு மணி நேரம், அதில் போனும் லேப்டாப்பும் கீழே இருக்கட்டும், மகனுக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். மருமகளுக்கு இதுவரை ஏதாவது பின்னியிருக்கிறீர்களா? அவளைப் பற்றி உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரிதான் இருக்கிறது.