அம்மா பார்க்காத இடம்

அன்புள்ள அம்மா,

உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என் மகள் 2020-ல் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள். போனில்தான் சேர்ந்தாள். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மதியம் ஒரு மணி வரை வகுப்பு. கொரோனாவால் கம்பெனி மூடிக் கிடந்தது, கையில் காசு இல்லை, பள்ளியில் இருந்து ஃபீஸ் கேட்டு மெசேஜ் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் மிஸ் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டேன். மைக் திறந்திருந்தது எனக்குத் தெரியாது. நான் திட்டியதும் அவள் அழுததும் முப்பது வீடுகளில் கேட்டுவிட்டது. "மேம், மைக்கை ஆஃப் பண்ணிடுங்க" என்றார் மிஸ். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது ஆறாம் வகுப்பு. தமிழும் இங்கிலீஷும் தடுமாறித்தான் வாசிக்கிறாள். கண்ணாடி போட்டாகிவிட்டது. ஸ்கூலில் என்ன நடந்தது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள், அவ்வளவுதான். தினமும் கிளாஸ் குரூப்பைப் பார்க்கிறேன், பையைச் சோதிக்கிறேன், மிஸ்ஸுக்கு மெசேஜ் போடுகிறேன், ராத்திரி உட்கார வைத்து எல்லாப் பாடத்தையும் கேட்கிறேன். மாமியார்கூடச் சொல்கிறார், நீ படிக்கிற மாதிரி இருக்கிறதே என்று. போன்கூட இல்லாத பிள்ளைகளை நினைத்தால், இதையெல்லாம் சொல்லி நான் புலம்பக்கூடாது என்றும் தோன்றுகிறது. ட்யூஷன் சேர்க்கலாமா? அந்த இரண்டு வருடத்தை நான் பாழாக்கிவிட்டேனா?

ச., திருப்பூர்

*

அன்புள்ள ச.,

போன மாதம் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "நாளைக்கு எங்களுக்கு சோஷியல் எக்ஸாம், இன்னும் ஒரு பாடம்கூட முடிக்கல" என்றாள் ஒருத்தி. இந்த வயதில் ஏதோ படிக்கிறாள் போல என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, பரீட்சை அவள் பையனுக்கு. அந்த 'எங்களுக்கு' மனதை விட்டுப் போகாமல் இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

கண்ணாடியைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. வருடம் ஒருமுறை டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள். ட்யூஷன் சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் வீட்டு வசதி. அதில் நான் சொல்ல என்ன இருக்கிறது?

"போன்கூட இல்லாத பிள்ளைகளை நினைத்தால்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள், உண்மைதான். தேசிய மாதிரி ஆய்வு 2017-18-ல் எடுத்த கணக்குப்படி இந்தியாவில் நூறு வீட்டுக்கு 24 வீட்டில்கூட இணைய வசதி இல்லை. கிராமங்களில் 15 வீட்டில்தான். அதற்கப்புறம் இரண்டு வருடத்தில், எல்லார் வீட்டிலும் போன் இருப்பதுபோல நினைத்துக்கொண்டு நாடு முழுவதும் வகுப்பு தொடங்கிவிட்டார்கள். ஆனால் போன் இல்லாத வீட்டில் நடந்ததும் உங்கள் வீட்டில் நடந்ததும் ஒரே மாதிரி கஷ்டமில்லை. அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் பின் தெருவில் ஒரு பெண் பீடி சுற்றுகிறாள். மடியில் தட்டும் இலையுமாக விடிந்ததும் உட்கார்ந்தால் இருட்டும் வரைக்கும் அதே இடம்தான். புருஷன் பெயின்ட் அடிக்கப் போகிறவன். வீட்டில் இருந்த ஒரே போன் அவனோடு வேலைக்குப் போய்விடும். பையன் அப்போது மூன்றாவது. அவர்கள் வீட்டில் அரசாங்கம் முன்பு இலவசமாகக் கொடுத்த கலர் டிவி இருந்தது. அதில் கல்வித் தொலைக்காட்சி ஓடும். 2019-ல் தொடங்கிய அந்தச் சேனலில்தான் 2020 ஜூலையில் இருந்து வகுப்புவாரியாகப் பாடம் போட்டார்கள். பையன் டிவியைப் பார்ப்பான், இவள் பீடியைச் சுற்றிக்கொண்டே கேட்பாள். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். "அது என்ன சொல்லுது?" என்று பையனிடம் கேட்பாள். அவன் தனக்குத் தெரிந்ததைச் சொல்வான். சரியா தப்பா என்று இவளுக்குத் தெரியாது. அதனால் அடிக்கவும் இல்லை.

அந்தப் பையனுக்கு நஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. பெரிய நஷ்டம். நான்காம் வகுப்புக்குப் போனபோது உயிர்மெய் எழுத்தெல்லாம் மறந்திருந்தது. பாடம் போயிற்று, சோறு போயிற்று. சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்தார்களே தவிர, பத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதை யாரால் பையில் போட்டுக் கொடுக்க முடியும்? ஆனால் அவன் இழக்காத ஒன்றை உங்கள் மகள் இழந்தாள். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

என் அம்மா டீச்சர். நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 1969-ல் நான் மூன்றாம் வகுப்பு, வகுப்புக்கு டீச்சர் அம்மாதான். பள்ளிக்கூடத்தில் அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும். வாய் தவறி 'அம்மா' என்றால் பிள்ளைகள் சிரிக்கும். மகளுக்குச் சலுகை என்று ஊர் சொல்லிவிடக்கூடாதே என்று மற்றவர்களுக்கு ஒரு அடி என்றால் எனக்கு இரண்டு. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ராத்திரி சோறு போடும்போது காலையில் நான் செய்த தப்பு மறுபடி இலைக்கு வந்துவிடும். "பதினாறாம் வாய்ப்பாட்டில் ஏழில் ஏன் நின்ன?" வீட்டுக்கு வந்தாலும் டீச்சர், பள்ளிக்கூடம் போனாலும் அம்மா. எனக்குப் போக இடமே இல்லை. அந்த வருடம் முழுவதும் நகத்தைக் கடித்து விரல் நுனியெல்லாம் புண். உங்கள் மகள் பென்சிலைக் கடித்தாள் என்று படித்ததும் என் விரலைத்தான் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் அம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல். நான் ஆச்சியோடு அதே ஊரில் இருந்து நாலாவது படித்தேன். புது வாத்தியார், வயசானவர். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் எல்லாம் குளத்தங்கரைப் புளியமரத்துக்குப் போய்விடுவார்கள். மணி என்று தொங்குவது ஒரு தண்டவாளத் துண்டு, அந்தச் சத்தம் அவ்வளவு தூரம் எட்டாது. ஒருநாள் நான் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்ததை சார் பார்த்துவிட்டார். அடி விழப்போகிறது என்று நின்றேன். "இன்னொரு தடவை அடி பார்ப்போம்" என்றார். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் பிள்ளைகளைக் கூப்பிடுவது என் வேலை. திண்ணையில் நின்று ஒரு விசில் அடித்தால் குளத்தங்கரையில் இருந்து அறுபது பிள்ளைகள் ஓடிவருவார்கள். வீட்டில் நான் பயந்தாங்கொள்ளி, வாய்ப்பாடு வராதவள். அங்கே நான் வேறு ஆள்.

அம்மாவுக்கு அது கடைசிவரை தெரியாது. பொம்பளைப் பிள்ளை விசில் அடிப்பதா என்று அவள் அன்றே நிறுத்தியிருப்பாள். சாரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. அவள் போய்ப் பல வருடம் ஆகிறது. நல்ல அம்மா. நான் அவளிடம் மறைத்த அந்த ஒரு வருடம்தான் என்னை நிமிர்த்தியது.

பள்ளிக்கூடம் என்றால் பாடம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். 'கற்றல் இழப்பு' என்று பெயர் வைத்து எத்தனை எழுத்து போனது, எத்தனை கணக்கு போனது என்று எண்ணினார்கள். எண்ண வேண்டியதுதான். ஆனால் பள்ளிக்கூடம் என்பது அம்மா பார்க்காத இடமும்கூட. பிள்ளைக்கு அங்கே வேறொரு முகம் கிடைக்கிறது. வீட்டில் வாயே திறக்காதது அங்கே தலைவனாக இருக்கும். வீட்டில் ராஜாவாக இருப்பது அங்கே வரிசையில் நிற்கப் பழகும். 2020 மார்ச் 17-ல் மூடிய பள்ளி, ஒன்று முதல் எட்டு வரைக்கும் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. பத்தொன்பது மாதத்துக்கும் மேல். 2022 ஜனவரியில் மறுபடி மூடி பிப்ரவரியில் திறந்தார்கள். ஆறு வயதில் இருந்து எட்டு வயதுக்குள் உங்கள் மகளுக்கு அந்த வேறொரு முகம் கிடைக்கவே இல்லை. வகுப்பு நடந்ததெல்லாம் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில்.

ஊர்விட்டு ஊர் போக இ-பாஸ் வாங்கும் தொல்லை நின்ற பிறகு, 2020 செப்டம்பரில் மதுரையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் நாற்காலியில், சட்டை மட்டும் யூனிஃபார்ம். மகள் தரையில் கேமராவுக்குத் தெரியாமல் குத்தவைத்து உட்கார்ந்து, பதிலைச் சிலேட்டில் எழுதித் தூக்கிப் பிடிக்கிறாள். மிஸ் கேட்கக் கேட்க அவன் கண் கீழே போகிறது. எனக்கு வயிறு கலங்கிப் போயிற்று. சத்தம் போட்டேன். "எல்லா அம்மாவும் இப்படித்தாம்மா செய்றாங்க, நான் செய்யலன்னா இவன் மட்டும் மக்காத் தெரிவான்" என்று அழுதாள். அவளையும் குற்றம் சொல்ல முடியவில்லை. வகுப்பு, அம்மாக்களுக்குள் போட்டியாகிவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டே வகுப்பு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்றுதான் கல்வியைப் பார்க்கிற மத்திய அமைச்சகம் 2020 ஜூலையில் எட்டாம் வகுப்பு வரைக்கும் வழிகாட்டுதல் கொடுத்தது. உங்கள் பள்ளி ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை நான்கு மணி நேரம் உட்கார வைத்திருக்கிறது. நீங்கள் அடித்தது தப்பு. ஆனால் உங்களை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நான்கு மணி நேரம் கட்டிப்போட்டதில் வேறு பலருக்கும் பங்கு இருக்கிறது. எல்லாவற்றையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அது அப்போது. இப்போது நடப்பதற்கு யாரைச் சொல்வது? இங்கேதான் உங்கள்மேல் எனக்குக் கோபம். பள்ளி திறந்து எவ்வளவு நாள் ஆகிறது? நீங்கள் இன்னும் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்து எழுந்திருக்கவில்லை. கிளாஸ் குரூப் பார்க்கிறீர்கள். பையைச் சோதிக்கிறீர்கள். மிஸ்ஸுக்கு மெசேஜ் போடுகிறீர்கள். அப்புறம் பிள்ளை ஒன்றும் சொல்வதில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அவள் சொல்வதற்கு என்ன மிச்சம் வைத்தீர்கள்? எல்லாம் அவளுக்கு முன்னாலேயே உங்கள் போனுக்கு வந்துவிடுகிறதே. அந்த 'ஒண்ணுமில்ல' அவள் கட்டிக்கொண்ட சின்னச் சுவர். தயவுசெய்து அதை இடிக்காதீர்கள்.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2020-க்கு முன்னால் வீட்டுப்பாடம் கரும்பலகையில் இருந்து டைரிக்குப் போகும். எழுதுவது பிள்ளையின் கை. சில நாள் எழுதாது. "இன்னிக்கு ஹோம்வொர்க் இல்லம்மா" என்று பொய் சொல்லும். மறுநாள் வெளியே நிற்கும், அல்லது பக்கத்துப் பிள்ளையிடம் கெஞ்சி வாங்கி அவசரமாக எழுதும். மறப்பது, பொய் சொல்வது, மாட்டிக்கொள்வது, சமாளிப்பது எல்லாமே ஒரு படிப்பு. கொரோனா வந்தபோது வேறு வழியில்லாமல் வீட்டுப்பாடம் அம்மாவின் போனுக்கு வந்தது. கொரோனா போய்விட்டது, அது போகவில்லை. பல பள்ளிகளுக்கு அதுவே வசதியாகப் போயிற்று. பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளை எழுதும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மெசேஜ் போட்டால் பொறுப்பு அம்மாவுக்கு மாறிவிடும். 'எங்களுக்கு எக்ஸாம்' என்று அம்மாக்கள் பேச ஆரம்பித்தது இப்படித்தான். ராத்திரி பத்து மணிக்கு "நாளைக்குப் பச்சை கலர் பேப்பர் கொண்டுவரணுமா?" என்று நாற்பது அம்மாக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், பிள்ளை தூங்குகிறது. பச்சைப் பேப்பர் இல்லாமல் ஒருநாள் போனால்தான் என்ன?

அந்த குரூப்பைத் திறக்காதீர்கள். பள்ளி லீவு, பஸ் நேரம் மாதிரி அவசியமானதை உங்கள் வீட்டுக்காரர் பார்த்துச் சொல்லட்டும். மகளுக்கு ஒரு டைரி வாங்கிக் கொடுங்கள். அதில் அவள் எழுதிக்கொண்டு வந்ததுதான் வீட்டுப்பாடம். எழுதவில்லை என்றால் அன்றைக்கு வீட்டுப்பாடம் இல்லை. மிஸ் கூப்பிட்டுக் கேட்டால், அவளிடமே கேளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். முதல் மாதம் மார்க் குறையும். குறையட்டும்.

பின் தெருப் பையனைப் பாதியில் விட்டுவிட்டேன். 2021 அக்டோபர் 27-ல் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தெருவிலேயே பாடம் சொல்லித்தரும் அரசாங்கத் திட்டத்தைத் தொடங்கினார்கள் இல்லையா, கொஞ்ச நாளில் எங்கள் தெருவுக்கும் வந்தது. அதே தெருவில் டிகிரி முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த ஒரு பெண்தான் தன்னார்வலர். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், கோயில் மண்டபத்தில் இருபது பிள்ளைகள். உயிர்மெய் எழுத்து திரும்பி வந்தது. ஆனால் நான் பார்த்தது வேறு. ஐந்து மணி ஆனால் அந்தப் பையன் முகம் கழுவிக்கொண்டு, தலை சீவிக்கொண்டு, "அக்கா தேடுவாங்க" என்று ஓடுவான். வீட்டில் அம்மா பீடித் தட்டில் இருந்து நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. தெருக்கோடியில் ஒரு அக்கா அவனைத் தேடுகிறாள். அந்த மண்டபத்தில் அவன் பாட்டுப் பாடுவானாம். அவன் அம்மாவுக்கு அது நான் சொல்லித்தான் தெரியும். சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த அடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவளுக்கு நினைவிருக்கும். மூன்றாம் வகுப்பு அடிகள் எனக்கு இன்றும் வரிசையாக நினைவிருக்கின்றன. ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேளுங்கள். சாதாரணமாக, பஸ்ஸில் போகும்போதோ வெங்காயம் உரிக்கும்போதோ கேளுங்கள். அழுதுகொண்டு கேட்காதீர்கள், அப்புறம் அவள் உங்களைத் தேற்ற வேண்டிவரும். அவள் பதில் சொல்லாவிட்டால் மறுபடி அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

வாசிப்புக்கு ஒன்று செய்யுங்கள். மாமியார் கூட இருக்கிறார் இல்லையா? தினம் ராத்திரி அரை மணி நேரம் அவருக்கு அவள் பேப்பர் வாசித்துக் காட்டட்டும். கொலைச் செய்தியோ, தங்கம் விலையோ, ராசிபலனோ, பாட்டி கேட்கிறதை வாசிக்கட்டும். நீங்கள் அந்த நேரம் அடுப்படியில் இருங்கள். அவள் தப்பாக வாசிப்பது காதில் விழும். விழட்டும், வெளியே வராதீர்கள்.