அமிந்தேயோ ஒயின் கெட்டுப்போகவில்லை
கிரேக்கத்தின் அமிந்தேயோ பகுதியில் ஸினோமாவ்ரோ என்ற திராட்சையில் செய்த சிவப்பு ஒயினைத் திறந்ததும் நிறம் வெளிறித் தெரிந்தது, வாய் முழுக்கத் துவர்த்தது, கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க, அந்தத் திராட்சையே அப்படித்தான். பெயருக்கே 'புளிப்புக் கருப்பு' என்றுதான் பொருள். வடமேற்கு கிரேக்கத்தில் சுமார் 600 மீட்டர் உயரத்தில், ஏரிகளுக்குப் பக்கத்தில், குளிரில் மெதுவாகப் பழுப்பதால் புளிப்பு அவ்வளவாகக் குறையாது. வேரைத் தாக்கும் ஃபிலாக்சரா பூச்சிக்கு அங்குள்ள மணல் நிலம் ஒத்துவராது என்பதால், வேறு வேரில் ஒட்டுக்கட்டாத பழைய கொடிகள் அங்கே இன்னும் சொந்த வேரிலேயே நிற்கின்றன, எனக்கு அந்த ஊர் ஒயின்மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததே அதனால்தான். சரி, மீதியைக் கொட்டிவிடாதீர்கள். அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, 17 டிகிரி அளவில், தக்காளி சேர்த்த ஆட்டுக்கறியோடு குடித்துப் பாருங்கள். அப்புறமும் துவர்ப்பு பிடிக்கவில்லையென்றால், அதே திராட்சையில் அங்கே செய்யும் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினை வாங்குங்கள்.